பார் கவுன்சில் போட்ட விதி என்றால் எதுவும் செல்லுமா?

கேள்வி இது: "சட்டப் படிப்பில் யார் சேரலாம், எப்படிப் படிக்க வேண்டும், யாரை வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம் என்றெல்லாம் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் தன் இஷ்டத்துக்கு விதி போட முடியுமா? பல்கலைக்கழகம் பட்டமே கொடுத்துவிட்ட பிறகும் பதிவு செய்ய மறுக்கலாமா? சுடீர் தீர்ப்பைக் காட்டினால் போதும் என்கிறார்களே, சரியா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சரியில்லை. பதிவுக்கு முன் பயிற்சி கட்டாயம் என்ற விதியை ரத்து செய்த, வி. சுடீர் எதிர் இந்திய பார் கவுன்சில் என்ற 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டத்தைத் தவறாகப் பொருள்கொண்டுவிட்டது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரி 10 அன்று சொல்லிவிட்டது. அது போனி ஃபாய் சட்டக் கல்லூரி வழக்கு. இதைக் கவனிக்காமல் சுடீரை நம்பி மனுப் போட்டால், எதிர்த்தரப்பு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். ஆனால் சுடீர் போய்விட்டதால் பார் கவுன்சிலைக் கேட்க ஆளே இல்லை என்று நினைப்பதும் தவறு. அடுத்த ஆண்டே, 2024 ஜூலை 30 அன்று, கௌரவ் குமார் வழக்கில் பதிவுக் கட்டணம் பற்றி வந்த தீர்ப்பு பார் கவுன்சில்களின் கையைக் கட்டிப்போட்டது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் இன்றைய நிலை புரியும்.

அதற்கு முன்னால் சட்டத்தின் அமைப்பு. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இல் கல்வி பற்றிய அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. பிரிவு 7(1)(எச்): சட்டக் கல்வியை வளர்ப்பது, அதன் தரத்தை வகுப்பது. இதைப் பல்கலைக்கழகங்களையும் மாநில பார் கவுன்சில்களையும் கலந்தாலோசித்துச் செய்ய வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பிரிவு 7(1)(ஐ): எந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் பதிவுக்குத் தகுதி என்று அங்கீகரிப்பது, அதற்காக நேரில் போய் ஆய்வு செய்வது. விதி போடும் அதிகாரம் பிரிவு 49-இல். அதன் (ஏஎஃப்) உட்பிரிவு சட்டப் படிப்பில் சேரக் குறைந்தபட்சத் தகுதி பற்றியது. (டி) உட்பிரிவு பல்கலைக்கழகங்கள் கடைப்பிடிக்க வேண்டிய கல்வித் தரம் பற்றியது. (ஏஜி) எந்த வகையினர் பதிவு பெறலாம் என்பது பற்றியது. (ஏஎச்) பதிவான வழக்கறிஞர் எந்த நிபந்தனைகளோடு தொழில் செய்யலாம் என்பது பற்றியது. பதிவுக்கான தகுதிகளை நாடாளுமன்றமே பிரிவு 24-இல் எழுதிவைத்திருக்கிறது: இந்தியக் குடிமகன், 21 வயது நிறைவு, அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம், கட்டணம் ஆகியவை. கூடுதல் நிபந்தனை வைக்க 24(1)(இ) இடம் தருகிறது. ஆனால் அது மாநில பார் கவுன்சில் விதியால் வைக்க வேண்டியது, அந்த விதியும் இந்திய பார் கவுன்சில் ஒப்புதல் தந்தால்தான் செல்லும்.

ஆக, ஒரு விதி உங்களைத் தடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வாசலில் நிற்கிறது என்பதை. கல்லூரியில் சேரும் வாசலா, என்ரோல்மென்ட் (வழக்கறிஞராகப் பதிவு) வாசலா, பதிவான பின் கோர்ட்டில் நின்று வாதாடும் வாசலா? ஒவ்வொரு வாசலுக்கும் அதிகாரம் வேறு உட்பிரிவிலிருந்து வருகிறது, வரம்பும் வேறு. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொண்டதால் தோற்ற வழக்குகள் நிறைய.

சுடீரில் நடந்ததும் வாசல் பற்றிய சண்டைதான். 1961 சட்டத்தில் முதலில், பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் இருந்தன. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாடாளுமன்றம் அவற்றை நீக்கியது. 1995-இல் இந்திய பார் கவுன்சில், பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்று விதி போட்டது. நாடாளுமன்றம் எடுத்துவிட்டதை விதி மூலம் திரும்பக் கொண்டுவர முடியாது, பிரிவு 24-ஐத் தாண்டி நிபந்தனை வைக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. அதனால்தான் அகில இந்திய பார் தேர்வு வந்தபோது (முதல் தேர்வு 2011 மார்ச் 6) அது பதிவுக்குப் பிந்தைய தேர்வாக வடிவமைக்கப்பட்டது. பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் தேர்ச்சி பெற்றால்தான் தொடர்ந்து தொழில் செய்ய முடியும். முன்வாசல் அடைபட்டிருந்ததால் மூன்றாவது வாசலில், (ஏஎச்) உட்பிரிவில், வைத்தார்கள்.

போனி ஃபாய் தீர்ப்பு அந்த முன்வாசலைத் திறந்துவிட்டது. பிரிவு 7, 24(3)(டி), 49 ஆகியவற்றைச் சேர்த்து வாசித்தால் பதிவுக்கு முந்தைய கட்டத்திலும் பார் கவுன்சிலுக்குப் பங்கு உண்டு. மாநில பார் கவுன்சிலின் அதிகாரத்தைச் சொல்லும் பிரிவிலிருந்து சில வரிகள் நீக்கப்பட்டதால் இந்திய பார் கவுன்சிலின் அதிகாரம் குறைந்துவிடாது என்பது அதன் சாரம். தேர்வைப் பதிவுக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பதை பார் கவுன்சிலின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். கடைசி செமஸ்டர் மாணவர்கள் தேர்வு எழுதலாம் என்ற யோசனையையும் ஏற்றார்கள்.

இதன் விளைவு நான்கே மாதத்தில் தெரிந்தது. பார் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத ஒடிசா கல்லூரி ஒன்றில் படித்தவரைப் பதிவு செய்யும்படி ஒடிசா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஜூனில் ரபி சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று விதிப்பது பார் கவுன்சிலின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்றது. இன்றைக்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய முதல் தீர்ப்பு என்னைக் கேட்டால் இதுதான். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதும், அதன்கீழ் உள்ள கல்லூரிக்கு இல்லாவிட்டாலும் பதிவு கிடைத்துவிடும் என்ற வாதம் இனி எடுபடாது.

பட்டம் கொடுத்த பிறகும் மறுக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1994-லேயே பதில் சொல்லிவிட்டது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வகுப்புக்கே போகாமல் தனித் தேர்வர்களாகச் சட்டப் பட்டம் பெற்றவர்களின் வழக்கு, அபர்ணா பாசு மல்லிக் வழக்கு. பல்கலைக்கழகம் தன் விதிப்படி பட்டம் கொடுக்கலாம், அந்தப் பட்டம் செல்லும். ஆனால் ஒழுங்காக வகுப்பில் படித்து வாங்கிய பட்டத்தைத்தான் பதிவுக்கு ஏற்போம் என்று பார் கவுன்சில் சொல்வதும் செல்லும். பட்டம் வேறு, பதிவு வேறு. ஆகவே "பட்டம் கையில் இருக்கிறதே" என்பது என்ரோல்மென்ட் கமிட்டி முன் முழு வாதம் ஆகாது.

சரி, அப்படியானால் வரம்பு எங்கே?

முதல் வரம்பு, நாடாளுமன்றம் தானே எழுதிவைத்த இடம். கௌரவ் குமார் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பிரிவு 24(1)(எஃப்) பதிவுக் கட்டணத்தை எண்ணிலேயே சொல்கிறது: மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், ஆக 750. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100-ம் 25-ம், ஆக 125. ஆனால் நூலக நிதி, நிர்வாகக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று பெயர் பெயராகச் சேர்த்து மாநிலங்கள் பல ஆயிரம் வசூலித்தன. ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை போனதாக மனுவில் காட்டப்பட்டது. படிப்பை முடித்து வெளியே வரும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாயும் பதிவுக்கு நிபந்தனையாக வாங்க முடியாது. அது சட்டத்தையும் மீறுகிறது, சமத்துவ உரிமையையும் தொழில் செய்யும் உரிமையையும் மீறுகிறது என்று தீர்ப்பு வந்தது. அது வருங்காலத்துக்கு மட்டும் பொருந்தும் என்பதால் முன்பு கட்டியவர்களுக்குப் பணம் திரும்பாது. "விருப்பக் கட்டணம்" என்ற பெயரில் வசூல் தொடர்ந்தபோது, அப்படி ஒன்றும் கிடையாது என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் மறுபடி சொன்னது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சட்டப்பாடம் கட்டணத்தோடு முடியவில்லை. போனி ஃபாய்க்குப் பிறகு பார் கவுன்சிலின் அதிகாரம் அகலமானது உண்மை. ஆனால் அது நாடாளுமன்றம் பேசாமல் விட்ட இடங்களில் மட்டுமே. நாடாளுமன்றம் தெளிவாகப் பேசிய இடத்தில் விதியோ சுற்றறிக்கையோ அதை மாற்றி எழுத முடியாது.

இரண்டாவது, காரணமில்லாத தடை. 45 வயது தாண்டியவரைப் பதிவு செய்யக் கூடாது என்று 1993-இல் ஒரு விதி போட்டார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் அதை இரண்டு காரணங்களால் அடித்தது. ஒன்று, அப்படி விதிக்க அதிகாரம் இல்லை. இரண்டு, வேறு தொழிலிலிருந்து வருகிறவர்களை வயதை மட்டும் காட்டி வெளியே நிறுத்துவது அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவுக்கு எதிரானது. முதல் காரணம் போனி ஃபாய்க்குப் பின் முன்புபோல் உறுதியாக நிற்குமா என்று வாதாட இடமிருக்கிறது. இரண்டாவது காரணம் அப்படியே நிற்கிறது. அதனால் இப்போது மனு எழுதுகிறவர்கள் "அதிகாரம் இல்லை" என்பதை மட்டும் நம்பக் கூடாது, "இந்த நிபந்தனைக்கும் கல்வித் தரத்துக்கும் என்ன தொடர்பு?" என்ற கேள்வியை முன்னால் வைக்க வேண்டும்.

கல்லூரியில் சேர வயது வரம்பும் இதே கதைதான். 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20, மூன்றாண்டுப் படிப்புக்கு 30 என்று பொதுப் பிரிவினருக்கு உச்சவரம்பு வைத்தார்கள். பிறகு விலக்கினார்கள். 2016 செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இன்னமும் சில கல்லூரி அலுவலகங்கள் "பார் கவுன்சில் விதி, முப்பது தாண்டினால் முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுவது உண்டு. எந்த விதி, எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, தரம் வகுப்பது வேறு, கடையையே மூடுவது வேறு. 2019-இல் மூன்று ஆண்டுகளுக்குப் புதிய சட்டக் கல்லூரியே கிடையாது என்று பார் கவுன்சில் தீர்மானம் போட்டது. தரம் இல்லாத கல்லூரிகள் பெருகிவிட்டன என்ற கவலை நியாயமானதே. ஆனால் விண்ணப்பத்தைத் தனித்தனியாக ஆய்ந்து மறுப்பதற்குத்தான் அதிகாரம், ஒட்டுமொத்தமாகத் தடை போட இல்லை என்று 2020 டிசம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் மூன்றாண்டுத் தடை வந்திருக்கிறது. ஆனால் இம்முறை அதை வெறும் தீர்மானமாக விடாமல் "விதிகள்" என்ற வடிவத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். முன்பு தோற்ற இடத்தை அடைத்துக்கொண்டார்கள் என்று பொருள். விதியாக இருந்தாலும் பிரிவு 49-க்குள் அடங்குமா என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது.

நான்காவது, பதிவோடு தொடர்பில்லாத படிப்பு. எல்எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் பட்டம் இல்லாமலே வழக்கறிஞர் ஆகலாம். அப்படியிருக்க, ஓராண்டு எல்எல்.எம். படிப்பை ஒழிக்கும் விதியை 2021 ஜனவரியில் அரசிதழில் வெளியிட்டபோது அது உடனே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கல்வியாண்டில் அமல்படுத்த மாட்டோம் என்று பார் கவுன்சிலே சொல்ல வேண்டியதாயிற்று. "சட்டக் கல்வித் தரம்" என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுத்தாலும், பதிவுக்குத் தகுதியான பட்டத்தைத் தாண்டும்போது அதன் பிடி தளர்கிறது என்பதே என் கருத்து. ஆனால் இளநிலைச் சட்டப் படிப்பு என்று வந்துவிட்டால் பிடி இறுகும். சட்டம் படித்தவர்தான் சட்டக் கல்லூரி முதல்வராக இருக்க வேண்டும் என்ற பார் கவுன்சில் விதியைப் பல்கலைக்கழகமும் கடைப்பிடித்தாக வேண்டும் என்று தயானந்த் சட்டக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பிரிவு 49-இல் சில வகை விதிகளுக்கு இந்தியத் தலைமை நீதிபதியின் ஒப்புதலோ மத்திய அரசின் ஒப்புதலோ தேவை. கல்வித் தரம் பற்றிய விதிகளுக்கு அப்படி ஒரு வாசற்காவலர் இல்லை. பல்கலைக்கழகங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற ஒரு வரிதான் உள்ளிருக்கும் பாதுகாப்பு. ஆகவே ஒரு விதியை எதிர்க்கும்போது, அந்தக் கலந்தாலோசனை நடந்ததா, பார் கவுன்சிலின் சட்டக் கல்விக் குழு முன் வைக்கப்பட்டதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது வீண் வேலை இல்லை.

இனி நடைமுறை. எல்லா நிபந்தனைகளோடும் மோத வேண்டியதில்லை. சிலவற்றில் மோதினால் தோல்வி நிச்சயம்.

அதில் தலையாயது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை. பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் வாங்கி, அதை வைத்து மூன்றாண்டு எல்எல்.பி. சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது 2008 சட்டக் கல்வி விதிகளில் விதி 5-இன் விளக்கத்தில். அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டம் சட்டப் படிப்புக்கு ஏற்கப்படாது என்று அது சொல்கிறது. இதற்கான அதிகாரம் 49(1)(ஏஎஃப்)-இல் நேரடியாக இருப்பதால் உடைப்பது கடினம். கவனிக்க, தொலைநிலையில் படித்தது குற்றமில்லை. பிளஸ் டூ முடித்தபின் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவருக்கு இந்தத் தடை இல்லை. வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டது, மூன்று ஆண்டும் படித்தாகிவிட்டது என்பதெல்லாம் என்ரோல்மென்ட் சரிபார்ப்பில் உதவாது. பணத்தையும் மூன்று ஆண்டுகளையும் இழப்பதைவிடச் சேரும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சட்டப் படிப்பில் சேரத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணும் அப்படியே: பொதுப் பிரிவுக்கு 45 விழுக்காடு, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. கல்லூரியின் அங்கீகாரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டு இருந்தது போதாது. அங்கீகாரக் கடிதத்தில் எந்தப் படிப்பு, எத்தனை வகுப்புப் பிரிவுகள் என்று இருக்கும். ஒரு பிரிவுக்கு 60 பேர் என்பது கணக்கு. மூன்றாண்டுப் படிப்புக்கு அனுமதி வாங்கிவிட்டு ஐந்தாண்டுப் படிப்பும் நடத்தும் இடத்தில் சேர்ந்தால் பின்னால் அழுவது மாணவர்தான். வருகைப்பதிவு விதிப்படி 70 விழுக்காடு, விதிவிலக்காக 65 வரை தளர்த்தலாம். வருகை குறைந்ததற்காக மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை நம்பி மற்ற மாநிலத்தவர் வகுப்பை விட்டுவிட வேண்டாம். உங்கள் கல்லூரி தானாக அதைப் பின்பற்றும் என்பதற்கு உறுதி இல்லை.

மோத வேண்டிய நிபந்தனை என்று தெரிந்தால், பதிவு மறுப்பில் சட்டமே ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. மாநில பார் கவுன்சிலின் என்ரோல்மென்ட் கமிட்டி தானாக நிராகரித்துவிட முடியாது. பிரிவு 26(2)-இன்படி, மறுக்க நினைத்தால் காரணங்களை எழுதி இந்திய பார் கவுன்சிலின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கருத்துப்படிதான் முடிவெடுக்க வேண்டும். கவுன்ட்டரில் "உங்களுக்கு முடியாது" என்று வாய்மொழியாகச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பித் தருவது மறுப்பே ஆகாது. விண்ணப்பத்தை விரைவுத் தபாலிலாவது (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் மறுப்பு வரும்போது எந்த விதி என்று அதில் இருக்கும். உங்கள் வழக்கு அந்த வரியில்தான் தொடங்குகிறது.

இங்கே மறுத்துவிட்டார்கள், பக்கத்து மாநிலத்தில் போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். பிரிவு 26(4)-இன்படி மறுப்பு எல்லா மாநில பார் கவுன்சில்களுக்கும் தெரிவிக்கப்படும். பிரிவு 27-இன்படி, மறுத்த மாநில பார் கவுன்சிலும் இந்திய பார் கவுன்சிலும் எழுத்தில் சம்மதம் தராமல் வேறு எங்கும் விண்ணப்பிக்க முடியாது. மறைத்து விண்ணப்பித்தால், முதலில் வெறும் தகுதிப் பிரச்சினையாக இருந்தது நேர்மைப் பிரச்சினையாக மாறிவிடும்.

அடுத்த படி உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. எதிர்மனுதாரராக மாநில பார் கவுன்சிலோடு இந்திய பார் கவுன்சிலையும் சேர்க்க வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழகம் பற்றிய பிரச்சினை என்றால் அவர்களையும். மனுக்கள் சரிவது பெரும்பாலும் இங்கே: மறுப்பு உத்தரவை மட்டும் எதிர்த்துவிட்டு, அது எந்த விதியின் மேல் நிற்கிறதோ அந்த விதியை எதிர்க்காமல் விடுவது. விதி நிற்கும்வரை உத்தரவும் நிற்கும். விதி செல்லாது என்று அறிவிக்கும்படி ஒரு வேண்டுதல், பதிவு செய்யும்படி உத்தரவிட ஒரு வேண்டுதல், இரண்டும் தேவை. மாறாக, தடையாக இருப்பது வெறும் சுற்றறிக்கை என்றால் வேலை எளிது: சட்டத்திலும் அரசிதழில் வந்த விதியிலும் இல்லாததைச் சுற்றறிக்கை சேர்க்க முடியாது என்பது முதல் வாதம்.

கல்லூரிச் சேர்க்கை வழக்கில் காலம்தான் எதிரி. சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கிவிட்டால், விதி தவறு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டாலும் அந்த ஆண்டு இடம் கிடைப்பது அரிது. இடைக்கால உத்தரவில் சேர்ந்தால் "வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது" என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். மூன்று ஆண்டு படித்துவிட்டேன், இரக்கம் காட்டுங்கள் என்று கடைசியில் கேட்க அது இடம் தராது. ஆகவே புராஸ்பெக்டஸ் வெளியான வாரத்திலேயே விதி எண்ணைக் கேட்டு எழுதுங்கள்; பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதத்தின் நகல் மனுவோடு போகட்டும்.